ஜெசிந்தா வாங்கிய பிரிண்டர்

ரெஜினா வந்து கேட்டைத் தட்டியபோது ஏசுபாதம் பிரிண்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் மனுஷியிடம் பேசும் குரல் அது.

"இன்னா இப்ப? நான் இன்னா பண்ணிட்டேன்? சொன்னாத்தான தெரியும்."

பிரிண்டர் தன் ஒற்றை ஆரஞ்சு விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்த, பாட்டுத்தாள் ரெடியா?" ரெஜினா கேட்டுக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"ஆயிகினே கீது ரெஜினா."

"இதயேதான் காலையிலயும் சொன்ன. நாளைக்குப் பூசை. அவ வருஷப் பூசையில அவ பாட்டுத்தாள் இல்லாம பாடினோம்னு வையி, போட்டோவுலேர்ந்து எறங்கி வந்து திட்டுவா."

"எறங்கி வந்தா நல்லதுதான்" என்றார் ஏசுபாதம்.

ரெஜினா "சாயங்காலம் வரேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். ஐப்பசி மழை காலையிலிருந்தே விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. புதுப்பட்டினத்தில் மழை பெய்தால் கடலின் இரைச்சல் கேட்காது. அன்று கேட்டுக்கொண்டிருந்ததால் பலமான மழை இல்லை என்று அர்த்தம்.

அந்தப் பாட்டுத்தாள் விஷயம் இப்படி. ஏசுபாதத்தின் மனைவி ஜெசிந்தா பக்கத்து நகரியத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, தட்டச்சு இயந்திரங்களெல்லாம் மூலைக்குப் போன பிறகு கம்ப்யூட்டருக்கு மாறியவள். கோயிலில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் எழுத்து எறும்பு வரிசை போல இருக்கும். கண்ணில் புரை எடுத்த ரெஜினாவும் அவள் வயதுப் பெண்களும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஞாபகத்திலிருந்து பாடுவார்கள். மூன்றாம் சரணத்தில் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டுச் சிரித்த ஜெசிந்தா, அடுத்த சனிக்கிழமையே பாட்டுகளைக் கொட்டை எழுத்தில் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானம் என்றால் அவளுக்கு அந்த வேலைதான்.

முதலில் பஜாரில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் எடுத்துவந்தாள். பிறகு இரண்டாயிரத்து எட்டில் தன் போனஸில் இந்தப் பிரிண்டரை வாங்கினாள். ஒயர் இல்லாத பிரிண்டர். கம்ப்யூட்டர் உள் அறையில் இருந்தது. அங்கே இன்னொரு மேசைக்கு இடமில்லை, பிரிண்டருக்கு ஹாலில்தான் இடம். நடுவில் ஒயர் இழுத்தால் போதாதா, விலையும் குறையுமே என்று அவள் தம்பி ஜான்சன் கேட்டதற்கு, "உன் மாமா ரோட்டுல பாத்துத்தான் ஓட்டுவாரு. வூட்டுக்குள்ள பாத்து நடக்க மாட்டாரு" என்றாள். உண்மைதான். நகரியத்துப் பணியாளர் பேருந்தை ஒரு கீறல் விழாமல் ஓட்டி ஓய்வுபெற்ற ஏசுபாதம், சொந்த வீட்டு டிவி ஒயரில் கால் சிக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டவர்.

அந்த வருஷமே மழைக்காலத்தில் ஒரே வாரக் காய்ச்சலில் ஜெசிந்தா போய்விட்டாள்.

அவள் கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது, பாட்டுகளை எங்கே வைத்திருக்கிறாள், எதை அழுத்தினால் தாள் வரும் என்பதெல்லாம் ஏசுபாதத்துக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் அவள் பின்னால் டீ கிளாசோடு நின்று பார்த்ததுதான். ஆனால் அவர் அழுத்தினால் தாள் வருவதில்லை. எப்போதுமே வராமல் இருந்தாலாவது மனம் விட்டுப்போயிருக்கும். சில நாள் வரும். காரணமே இல்லாமல் கிர்ர் என்று உறுமிக்கொண்டு தாளைத் துப்பும். அடுத்த நாள் அதே பட்டனை அதே மாதிரி அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு. வந்த நாளில் என்ன செய்தோம் என்று அவர் யோசித்துப் பார்ப்பார். ஒரு தடவை வந்த அன்று கல்லறைக்குப் பூ கொண்டுபோயிருந்தார். மறுவாரமும் பூ கொண்டுபோனார், தாள் வரவில்லை. ஒரு தடவை முகச்சவரம் செய்திருந்தார். அதுவும் இல்லை. கடைசியில், அவளைப் போலவே இதற்கும் மூடு இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

ஜான்சன் பைக்கில் வந்து இறங்கியபோது மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஊரப்பாக்கத்தில் வீடு, அங்கிருந்து சிறுசேரிப் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை. வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் அவர்களுக்குப் போனில் வழி சொல்லும் வேலை. வரும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி வாங்கிய சூடான போண்டாப் பொட்டலத்தை ஏசுபாதத்தின் கையில் திணித்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கு சரி ஆவலேன்னா இத நான் தூக்கிகினு போறேன். கடையில எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கீது. பழசக் குடுத்தா புதுசு. நாளைக்கு வேண்டிய தாள பஜார்ல எடுத்துக்கலாம்."

"எதுக்குடா தூக்கினு போற? அதுக்கு இன்னா?"

"இன்னாவா? வாரம் ஒரு தபா போன் பண்ணி ‘ஜான்சா, அக்கா பிரிண்டரு கோச்சிகினு கீது’ன்ற. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன், எந்த நாட்டு கஸ்டமர்டான்னு கேக்கறான்."

"புதுப்பட்டினம் நாடுன்னு சொல்லு."

ஜான்சன் சிரித்தான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்று அவன் சொன்னது விளையாட்டு இல்லை என்பது ஏசுபாதத்துக்குத் தெரிந்தது. பைக்கின் பின்சீட்டில் கயிறு சுருட்டி வைத்திருந்தான். அவர் போண்டாவைத் தட்டில் கொட்டும்போது கை தன்னால் பிரிண்டர் பக்கம் போய் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தது.

ஜான்சன் தன் லேப்டாப்பை விரித்தான். தொழில்முறைப்படி முதலில் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டான். டிவிக்குக் கீழே இருந்த மோடத்தை அணைத்துப் போட்டான். பிரிண்டரை அணைத்துப் போட்டான். உள்ளே போய்க் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். தாள் வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டான்.

"இதுக்குத்தான் உனக்கு டாலர்ல சம்பளமா மச்சான்? இத நானே வருஷம் பூராப் பண்ணிகினு கீறேன்."

"சும்மா இரு மாமா. பேஜாரு பண்ணாத."

மூன்றாவது போண்டாவில் ஜான்சன் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னாடா?"

"ஒரு மணி நேரமா நீ அனுப்புற பாட்டெல்லாம் என் லேப்டாப்புக்கு வந்துகினு கீது மாமா. அது பாவம், பாடவும் தெரியாம அடிக்கவும் தெரியாம முழிச்சிகினு கீது."

ஏசுபாதத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜான்சன் சுற்றிலும் பார்த்தான், உதாரணம் தேடுகிறவனைப் போல. பிறகு மாமாவின் காக்கிச் சட்டை நாட்கள் அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"உன் பஸ்ஸையே எடுத்துக்க. மோடம்தான் பஸ்ஸு. ஏர்றவங்களுக்கு வரிசையா சீட்டு நம்பர் குடுக்கும். அக்கா இன்னா பண்ணிகீதுன்னா, ரெண்டாம் நம்பர் சீட்டுல பிரிண்டர் குந்திகினு இருக்கும், தாள அங்க அனுப்புன்னு கம்ப்யூட்டருக்கு சொல்லி வச்சிகீது. கம்ப்யூட்டர் அத கெட்டியாப் புடிச்சிகினு எப்பவும் ரெண்டாம் நம்பருக்கே அனுப்புது. ஆனா இப்ப ரெண்டாம் நம்பர்ல யாரு? என் லேப்டாப்பு. பிரிண்டர் நாலாம் நம்பர்ல எங்கியோ பின்னாடி."

"ஏன், அதோட சீட்டு இன்னா ஆச்சு? தெனம் வர்றவங்க துண்டு போட்டு வச்சிருப்பாங்களே. எங்க வண்டியில அத யாரும் தொட மாட்டாங்க."

"வண்டி ஓடிகினே இருக்கற வரைக்கும் தொட மாட்டாங்க. வண்டி டிப்போக்கு போய்க் கழுவிட்டு வந்தா? துண்டெல்லாம் போச்சு. மொதல்ல ஏர்றவனுக்கு ஜன்னல் சீட்டு. மோடத்த அணைச்சுப் போட்டா அதான் கத. எல்லாத்தையும் மறந்துடும். இந்தப் பிரிண்டர் ஒரு சோம்பேறி. எழுந்து, கொட்டாவி வுட்டு, உறுமி, கடைசியாத்தான் வந்து ஏறும்."

ஏசுபாதம் பிரிண்டரைப் பார்த்தார். பாவமாக இருந்தது. கோபித்துக்கொண்டு உட்காரவில்லை, உட்கார இடம் இல்லாமல் நின்றிருக்கிறது. என்றைக்காவது தவறிப்போய் முதலில் ஏறிவிட்ட நாளில் தாள் கொடுத்திருக்கிறது. பூவும் சவரமும் ஒரு காரணமும் இல்லை.

"அதோட சீட்ட அதுக்கே எழுதி வைக்க முடியாதா?"

"முடியும். மோடத்துக்குள்ள போய் எழுதணும். அக்கா அதுக்கு பாஸ்வேர்டு போட்டு வச்சிகீது. அதோட பொறந்த நாள், உன் பொறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். மோடத்த மொத்தமா அழிச்சிட்டா திங்கக்கிழம டெலிபோன் ஆபீஸ்காரன் வந்துதான் நெட்டே வரும்." ஜான்சன் எழுந்தான். "இப்பத்திக்கு குறுக்கு வழி. கம்ப்யூட்டர் கிட்ட நாலாம் நம்பருக்கு அனுப்புன்னு மாத்தி சொல்லிடறேன்."

உள்ளே போய் ஏதோ தட்டினான். ஹாலில் பிரிண்டர் கிர்ர் என்றது. ஏசுபாதம் சத்தம் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முதல் தாள் மெதுவாக வெளியே வந்தது. கொட்டை எழுத்து. ஜெசிந்தா எப்போதும் செய்வது போலத் தலைப்பில் ஒரு சின்னச் சிலுவை, இரண்டு பக்கமும் இரண்டு பூ. இரண்டாவது தாள் பாதி வந்திருந்தது.

கரண்ட் போய்விட்டது.

பாதித் தாள் நாக்கை நீட்டியபடி நின்றது. வெளியே மழை வலுத்து, கடலின் சத்தம் காணாமல் போயிருந்தது. நாலு மணிக்கே ஹால் இருட்டிக்கொண்டு வந்தது. வருஷமெல்லாம் வரும் மின்வெட்டுதான், அவரவர் தலையெழுத்து என்று ஊரே பழகியிருந்தது. ஜான்சன் உள்ளேயிருந்து தலையில் கைவைத்தபடி வந்தான்.

"போச்சு. திரும்ப வந்தா மறுபடி வேற நம்பரு. மறுபடி மாத்தணும், மறுபடி கரண்ட் போவும். உன்னால ஒண்டியா இத செஞ்சுகினு இருக்க முடியாது மாமா. சொன்னா கேளு, இத வுட்டுடு. நான் எடுத்துகினு போறேன்."

ஏசுபாதம் சுவர் பக்கம் திரும்பினார். அவர் முன்னால் ஒரே ஒரு வெளிச்சம் இருந்தது. சுவரில் ஜெசிந்தாவின் படம், அதன் கீழே மெழுகுவத்தி உருவத்தில் செய்த சின்ன மின்விளக்கு. கரண்ட் போனாலும் அது மட்டும் அணையாது. படம், அவள் பழைய அடையாள அட்டைக்காக எடுத்ததைப் பெரிதாக்கியது. அதிகாரி முன்னால் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகம்.

"மச்சான்" என்றார். "அக்கா இருந்தப்பவும் கரண்ட் போச்சே."

"போச்சுதான்."

"தெனம் போச்சு. ஆனா ஒரு சனிக்கெழம கூட தாள் வராம இல்ல. அது எப்படி?"

ஜான்சன் மோடம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். வெளிநாட்டுக்காரர் யாரும் அவனிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை போலிருந்தது.

"அதான மாமா? அப்படின்னா மோடம் அப்ப அணையாம இருந்திருக்கணும்."

ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் பழைய ஹால் தெரிந்தது. கரண்ட் இல்லாத சாயங்காலங்கள். இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், அவள் முந்தானையால் விசிறிக்கொண்டு. இருட்டில் அந்த மூலையில், இப்போது படம் மாட்டியிருக்கும் சுவருக்குக் கீழே, சின்னச் சின்னப் பச்சைப் பொட்டுகள் மினுக்கிக்கொண்டிருக்கும். ‘மின்மினி வளக்கிறியா?’ என்று அவர் ஒரு நாள் கேட்டதும், ‘ஆமா, உனக்கு சோறு போட்டு மீந்தத அதுக்குப் போடறேன்’ என்று அவள் சொன்னதும் அப்படியே காதில் விழுந்தன.

வீட்டில் கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். அது அந்த மூலையில்தான் இருந்தது. மோடத்தை அவள் அதில்தான் சொருகி வைத்திருந்தாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம். படத்துக்கு முன் விளக்கு வருஷம் திரும்பும் வரை அணையக் கூடாது என்று கோயில் பெண்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. அவள் முகம் இருட்டில் மறைந்தது. ஏசுபாதத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தடவிக்கொண்டே போய், அந்தப் பாயிண்டில் இருந்த எதையோ பிடுங்கிப் போட்டுவிட்டு விளக்கைச் சொருகினார். பிடுங்கியது என்ன என்று அப்போது பார்க்கவும் இல்லை. மறுநாள் கேபிள்காரர்தான் மோடம் தரையில் கிடக்கிறதே என்று எடுத்து டிவிக்குக் கீழே சாதாரண பாயிண்டில் போட்டுவிட்டுப் போனார்.

"நான்தான் மாத்தினேன்" என்றார் ஏசுபாதம். கையால் விளக்கைக் காட்டினார்.

ஜான்சன் விளக்கைப் பார்த்தான். அங்கிருந்து இறங்கும் வெள்ளை ஒயரைப் பார்த்தான். அது போய்ச் சேரும் பாயிண்டைப் பார்த்தான். அவன் அக்காவின் முகத்தைப் பார்க்க மட்டும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வுடு மாமா" என்றான், தணிந்த குரலில். "அது எரியட்டும். நாளைக்கு வருஷம் முடியுது. அதுக்கப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்குத் தாள நான் பஜார்ல எடுத்துகினு வரேன். பிரிண்டரையும் தூக்கினு போவல. சும்மா சொன்னேன்."

"மழையில பஜாரு போயி?"

"கோட்டு கீது."

ஏசுபாதம் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வருஷம் பூராவும் இந்த வெளிச்சத்தில் அவளைப் பார்த்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறார். ஒரு நாள் கூட அணைய விட்டதில்லை. ஆனால் இந்த வெளிச்சத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? சும்மா நின்றுகொண்டிருந்தாள். சும்மா நின்று அவளுக்குப் பழக்கமே கிடையாது. காய்ச்சல் வந்து படுத்த அந்தச் சனிக்கிழமை கூட, ‘பாட்டு அடிக்கலயே’ என்றுதான் முனகினாள்.

"அவளுக்கு வெளக்கு வேணான்டா" என்றார். "வேல வேணும்."

குனிந்து, முட்டி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார். ஹால் இருண்டது. ஜான்சன் டிவிக்குக் கீழேயிருந்து மோடத்தை எடுத்து வந்து கொடுத்தான். டெலிபோன் ஒயர் எட்டவில்லை. ஜான்சன் டிவி மேசையையே ஒரு முழம் நகர்த்தினான். ஏசுபாதம் மோடத்தைச் சொருகினார். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று பச்சைப் பொட்டுகள் எழுந்து மினுக்க ஆரம்பித்தன.

"இப்ப கேளு மாமா. கரண்ட் வந்ததும் நீ மொதல்ல பிரிண்டர மட்டும் போடு. அது ஏறி ஜன்னல் சீட்டுல குந்தட்டும். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர். நம்பர நான் பழையபடி அக்கா வச்சதுக்கே மாத்திடறேன்." லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு, பையின் ஜிப்பையும் இழுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். "இவன் ஏற மாட்டான். புடிச்சி வச்சிகினேன்."

இருட்டில் உட்கார்ந்து ஆறிய போண்டாவைத் தின்றார்கள். ஜெசிந்தா ஜான்சனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, அவனுக்குப் பதில் அவளே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி வாத்தியாரிடம் திட்டு வாங்கிய கதையை ஜான்சன் சொன்னான். ஏசுபாதத்துக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது போலக் கேட்டார்.

கரண்ட் வந்தது. ஏசுபாதம் பிரிண்டரைப் போட்டார். அது எழுந்தது, கொட்டாவி விட்டது, உறுமியது. பாதியில் நின்ற தாளைத் துப்பிப் போட்டது. ஆரஞ்சு விளக்கு மினுக்கியது, மினுக்கியது, நின்று நீலமானது. ஜான்சன் உள்ளே போனான். "அனுப்பவா?" என்று கேட்டான்.

"நான் வரேன் இரு" என்று ஏசுபாதமே போய் அழுத்தினார்.

தாள்கள் வர ஆரம்பித்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, சூடாக, மை வாசனையோடு. இரண்டு பேரும் ஹாலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேருந்து நிலையத்தில் ஆள் இறங்குவதைப் பார்க்கிறவர்கள் மாதிரி.

ரெஜினா வந்தபோது மழை விட்டிருந்தது. தாளை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்து, பிறகு கிட்டே கொண்டுவந்து, மறுபடி நீட்டிப் பார்த்தாள்.

"பூவு கூட அப்படியே போட்டிருக்கியே அண்ணாத்த."

"நான் எங்க போட்டேன்? அவ போட்டது."

ரெஜினா தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். முகம் மாறியது. "இன்னா அண்ணாத்த, வெளக்க அணைச்சிட்ட? நாளைக்குத்தான வருஷம்? ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

ஏசுபாதம் ஹால் விளக்கை அணைத்தார். சாயங்கால இருட்டில், படத்துக்குக் கீழே, மோடத்தின் பச்சைப் பொட்டுகள் எரிந்தன. அதில் ஒன்று மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் கன்னத்தில் அந்தப் பச்சை லேசாக விழுந்து, சிரிக்கலாமா வேண்டாமா என்ற யோசனையில் சிரிக்கலாம் என்ற பக்கம் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது.

ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். "இது போதுமா அவளுக்கு?" என்றாள், பாதி சமாதானமாகி.

"போதும். கரண்ட் போனாலும் அணையாது."

அடுத்த வாரம் ஜான்சன் ஒரு மல்டிபிளக் வாங்கிக்கொண்டு வந்தான். அதைப் போட்டால் ஒரே பாயிண்டில் மோடமும் எரியும், மெழுகுவத்தி விளக்கும் எரியும். ஏசுபாதம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

"வச்சிட்டுப் போ மச்சான்" என்று மேசை இழுப்பறையில் போட்டார். "இப்ப வேணாம். அவ வேல செஞ்சிகினு கீறா."

உள் அறையில் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. அன்று சனிக்கிழமை. அவர் ஒரு விரலால் புதுப் பாட்டு ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். கொட்டை எழுத்தில்.